கோவைக்கு ஸ்டேடியம் கட்டினால் டீம் வருமா, வந்தால் தங்குமா?

பவர்டேபிள்காரன், திருப்பூர்

வணக்கமுங்க. நேற்று சாயங்காலம் பேக்கரியில் டீ குடிக்கும்போது ஆரம்பித்த வாக்குவாதம், ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகும் போனில் ஓடியது. அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில், கோவைக்கு சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் ஸ்டேடியம் வரும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார் அல்லவா, அப்புறம் ஒண்டிப்புதூரில் திறந்தவெளிச் சிறை இருக்கிற இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் மச்சானுக்கு வேறு பேச்சே இல்லை. அவருக்கு சூலூர்ப் பக்கம் 5 சென்ட் இருக்கிறது (இதைச் சொல்லாமல் விட்டால் அவர் பேசுவது முழுதாகப் புரியாது). ஸ்டேடியம் கட்டினால் ஐபிஎல் டீம் ஒன்று வந்தே தீரும், டீம் வந்தால் ஓட்டல், லாட்ஜ், ஆட்டோ, டீக்கடை எல்லாம் நிமிர்ந்துவிடும், போட்ட காசை அரசாங்கம் அஞ்சே வருஷத்தில் எடுத்துவிடும் என்கிறார்.

எனக்கு அந்தக் கணக்குத்தான் இடிக்கிறது. நான் 18 தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவன். ஒரே ஒரு கம்பெனி ஆர்டரை நம்பி 6 ஓவர்லாக் மிஷினை லோனில் எடுத்தேன். எட்டாவது மாதம் அந்தக் கம்பெனி, ரேட் கட்டுபடியாகவில்லை என்று ஆர்டரை வேறு ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. ஆர்டர் போய்விட்டது, தவணை மட்டும் இன்னும் என்கூடத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஊர் ஜனங்களின் வரிப்பணத்தில் ஸ்டேடியம் கட்டிக் கொடுத்தும் டீம்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும் என்று கேள்விப்பட்டேன். நிஜமா? நம்ம ஊருக்கு அதெல்லாம் பொருந்துமா?

இன்னொன்று. 2025 டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) கோப்பையை எங்கள் திருப்பூர் தமிழன்ஸ் ஜெயித்த அன்றைக்கு வீதியில் வெடி போட்டோம். மறுநாள் என் பையன் சொல்கிறான், "அப்பா, அது முன்னாடி காரைக்குடி காளையா இருந்த டீம்." எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பொள்ளாச்சி டு பே ஏரியா

அண்ணா, கலிபோர்னியாவில் ஓக்லண்டுக்குப் பக்கத்தில் 14 வருஷமாக இருக்கிறேன். நீங்கள் கேள்விப்பட்டது நிஜம், நான் வரி கட்டுகிற ஊரிலேயே நடந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொலிசியம் என்று ஒரு ஸ்டேடியம், 1966இல் திறந்தது. ஓக்லண்ட் மாநகராட்சிக்கும் அலமீடா கவுண்டிக்கும் சொந்தமாக இருந்தது (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி). ரெய்டர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணி அங்கே ஆடிக்கொண்டிருந்தது, 1982இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. 1995இல் திரும்பி வருகிறோம் என்றார்கள், ஆனால் இன்னும் நிறைய சீட் வேண்டும் என்றார்கள். ஊரும் கடன் பத்திரம் வெளியிட்டு மலை மாதிரி ஒரு கேலரியை எழுப்பிக் கொடுத்தது. அதுவரை ஸ்டேடியத்துக்குள் உட்கார்ந்தால் தூரத்தில் மலை தெரியும், கேலரி எழுந்ததும் அது மறைந்துவிட்டது. அணி முதலாளி அல் டேவிஸ் பெயரைச் சேர்த்து 'மவுண்ட் டேவிஸ்' என்று ஜனங்கள் கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். சீட் வாங்கும் உரிமையை முன்கூட்டியே விற்று அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்றுதான் திட்டம். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. வருஷா வருஷம் ஊர்க் கஜானாவிலிருந்துதான் கட்டினார்கள். 2020இல் ரெய்டர்ஸ் லாஸ் வேகஸுக்குக் கிளம்பியபோதும் கடன் பாக்கி இருந்தது.

எங்கள் அப்பா ஒருதடவை பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தபோது அவரை அங்கே கூட்டிப்போனேன். கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான், கட்டுத்தறிக்கு இவங்க தவணை கட்டறாங்களாக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கவில்லை.

ரெய்டர்ஸ் ஏன் போனது? லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலம் ஹோட்டல் ரூம் வரியிலிருந்து 750 மில்லியன் டாலர் தருகிறேன் என்றது. அடுத்தது ஏஸ், பேஸ்பால் அணி. அது எங்கேயுமே வேர் பிடிக்காத அணி, பிலடெல்பியாவில் பிறந்து, 1955இல் கான்சாஸ் சிட்டி, 1968இல் ஓக்லண்ட். அதற்கும் 2023இல் நெவாடா 380 மில்லியன் டாலர் வரை ஒதுக்கியது. சட்டம் அங்கே மேலவையில் நிறைவேறிய அதே நாள், ஜூன் 13, இங்கே ரசிகர்கள் ஸ்டேடியத்துக்குத் திரண்டு வந்து காட்டினார்கள். 27,759 பேர். கூட்டம் வருவதில்லை, அதனால் போகிறோம் என்று முதலாளி சொன்னதற்குப் பதில் அது. ஒன்றும் நடக்கவில்லை. 2024 செப்டம்பர் 26 கடைசி ஆட்டம். மைதானத்து மண்ணை ஒரு கப்பில் வாங்கிக்கொண்டு போனார்கள் ஜனங்கள். இப்போது அந்த அணி சாக்ரமெண்டோவில் ஒரு சின்ன மைதானத்தில், பெயருக்கு முன்னால் எந்த ஊரையும் போட்டுக்கொள்ளாமல், வெறும் ஏஸ் என்றே ஆடிக்கொண்டிருக்கிறது. வேகஸில் ஸ்டேடியம் 2028இல் தயாராகும் என்கிறார்கள். நடுவில் 2019இல் கூடைப்பந்து அணி வாரியர்ஸும் பாலம் தாண்டி சான் பிரான்சிஸ்கோ போய்விட்டது, அது மட்டும் சொந்தக் காசில் அரங்கம் கட்டிக்கொண்டது. ஆக, 5 வருஷத்தில் 3 அணி.

இதில் சூட்சுமம் என்னவென்றால், எத்தனை டீம் இருக்கலாம் என்று லீக்கே முடிவு செய்துகொள்கிறது. பேஸ்பாலில் 30, கால்பந்தில் 32. டீம் வேண்டும் என்கிற ஊர்களோ அதைவிட அதிகம். பொண்ணு வீடு நிறைய, மாப்பிள்ளை குறைவு என்றால் சீர் ஏறத்தானே செய்யும்? ஒரு முதலாளி ஊர்க்காரர்களைப் பயமுறுத்த, காலியாக இருக்கிற இன்னொரு ஊரைக் கைகாட்டினாலே போதும்.

பால்டிமோர் கதை தெரியுமா? 1984 மார்ச்சில், அணியையே சட்டம் போட்டு எடுத்துக்கொள்ள மாநில சட்டமன்றம் தயாராகிறது என்று தெரிந்ததும், கோல்ட்ஸ் அணி முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக லாரி வரவழைத்து, ஹெல்மெட் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஏற்றி இண்டியானாபொலிஸுக்கு அனுப்பிவிட்டார். விடிந்து பார்த்தால் டீம் இல்லை. அந்த இண்டியானாபொலிஸ் என்ன செய்து வைத்திருந்தது தெரியுமா? டீமே இல்லாமல் ஸ்டேடியத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். கூடவே செயின்ட் லூயிஸையும் சொல்லுங்கள். அவர்களும் டீம் இல்லாமலே கட்டினார்கள், 1995இல் ராம்ஸ் வந்தது. ஆனால் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது, இந்த ஸ்டேடியம் லீக்கின் ஸ்டேடியங்களிலேயே முதல் தரத்தில் இருந்துகொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் டீம் வெளியேறலாம். வேறு ஊர்களில் புதுசு புதுசாகக் கட்டிக்கொண்டே போனால் 20 வருஷத்தில் எந்தக் கட்டடம் முதல் தரத்தில் நிற்கும்? 2016இல் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிவிட்டது. ஊர் கேஸ் போட்டு 2021இல் 790 மில்லியன் டாலர் வாங்கியது, அது வேறு விஷயம்.

கணக்கு வாத்தியார், ஈரோடு

மேலே தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் அந்த 'அஞ்சு வருஷத்தில் காசு திரும்பும்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வீட்டில் மாதம் வெளியே சுற்ற 4,000 ரூபாய் ஒதுக்குகிறார்கள் என்று வையுங்கள். மேட்ச் பார்க்க 3,000 போனால், அந்த மாதம் சினிமாவும் பிரியாணிக் கடையும் இல்லை. ஒண்டிப்புதூரில் போண்டா விற்றவருக்கு லாபம், காந்திபுரத்தில் புரோட்டா போட்டவருக்கு நட்டம். ஊருக்கு மொத்தமாகப் பார்த்தால் ஒரே பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது, அவ்வளவுதான். அதிலும் பிரியாணிக் கடைக்காரர் வாங்கிய காசை இங்கேயே அரிசி, கறி, கூலி என்று செலவழிப்பார். டிக்கெட் காசில் பெரும்பங்கு முதலாளிக்கும் ஆட்டக்காரருக்கும் போகிறது, அவர்கள் இந்த ஊரில் குடியிருப்பவர்கள் அல்ல. டிக்கெட்டில் ஜிஎஸ்டியும் உண்டு, ஐபிஎல் டிக்கெட்டுக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரிலிருந்து 40. அதில் மாநிலத்துக்குப் பங்கு வரும், மறுக்கவில்லை.

அடுத்து, நாள் கணக்கு. லீக் சுற்றில் ஒரு ஐபிஎல் அணிக்கு 14 ஆட்டம், அதில் சொந்த ஊரில் 7. மீதி 358 நாள் அந்த இடத்துக்கு வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில், புல்லுக்குத் தண்ணீர். நிரந்தர வேலை எத்தனை பேருக்கு என்று நீங்களே யோசியுங்கள், உங்கள் 18 மிஷின் வருஷம் முழுக்கச் சோறு போடுகிற ஆட்களை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதை நான் சொந்தமாகச் சொல்லவில்லை. 2017இல் சிகாகோ பல்கலைக்கழகம் முன்னணிப் பொருளாதார அறிஞர்களிடம், ஸ்டேடியத்துக்குக் கொடுக்கிற அரசு மானியத்தில் வரி கட்டுகிறவருக்கு வருகிற பலனைவிடச் செலவு அதிகமா என்று கேட்டது. 80 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்றார்கள். எதிலுமே ஒத்துப்போகாத கூட்டம் அது! இன்னொரு சங்கதி, அமெரிக்காவில் இந்தக் கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது. 2000க்குப் பிறகு இப்படிக் கட்டிய 36 ஸ்டேடியங்களால் மத்திய அரசு இழந்த வரி 3.7 பில்லியன் டாலர் என்று புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016இல் கணக்குப் போட்டது. ஏதோ ஒரு நகரத்தில் ஆடுகிற டீமுக்கு எங்கேயோ மலைக்கிராமத்தில் இருக்கிறவனும் மறைமுகமாகக் காசு கட்டுகிறான் என்று அர்த்தம்.

சியாட்டிலில் கிங்டோம் என்று ஒன்று இருந்தது. 2000ஆம் வருஷம் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதன் மேல் இருந்த கடன் தீர்ந்தது 2015இல். கட்டடம் போய் 15 வருஷம், தவணை ஓடிக்கொண்டிருந்தது.

சரி, நம்ம ஊர். இங்கே கொஞ்சம் வேறு மாதிரி. ஐபிஎல் அணிக்கு மைதானம் சொந்தமில்லை, பெரும்பாலும் மாநில கிரிக்கெட் சங்கத்திடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். சேப்பாக்கமே அரசு நிலத்தில் குத்தகைக்கு நிற்கிறது. புது அணி என்றால் பிசிசிஐ ஏலம் விடும், 2021இல் லக்னோ 7,090 கோடிக்கும் அகமதாபாத் 5,625 கோடிக்கும் போயின. இரண்டு ஊரிலும் பெரிய ஸ்டேடியம் தயாராக இருந்தது, அதனால் மச்சான் சொல்வதில் பாதி சரி. ஸ்டேடியம் இல்லாத ஊருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆனால் பெண் பார்க்க வருவதற்காக வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம், அதற்காகக் கல்யாணச் செலவு முழுவதையும் முன்கூட்டியே செய்துவிட்டு உட்காரக் கூடாது.

கேலரி சிமெண்ட் படி, கோவை

எல்லாரும் கிரிக்கெட்டையே பேசுகிறீர்கள். டீம் ஒன்று கோவைக்கு வந்து, ஜெயித்து, காணாமலும் போய்விட்டது, அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சென்னை சிட்டி எஃப்சி, கால்பந்து டீம். பெயரில் சென்னை, ஆடியது நம்ம நேரு ஸ்டேடியத்தில். 2017-18 ஐ-லீக் சீசனிலிருந்து இங்கேதான். ஆரம்பத்தில் ஜனங்களுக்கு ஒட்டவில்லை, சென்னை டீமை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று என் தம்பியே கேட்டான். 2018-19இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச், பெட்ரோ மான்சி முன்னால் ஆடுகிறார், 21 கோல். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாப். ஜெயித்தால்தான் கோப்பை, ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி தள்ளி நிற்கிறது, இங்கே முதல் கோல் எதிராளிக்கு. எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் 3-1. அந்தச் சாயங்காலம் நேரு ஸ்டேடியத்தில் இருந்தவன் யாரும் அந்த டீமை சென்னை டீம் என்று நினைக்கவில்லை. அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பேசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கோவையில் ஐரோப்பியப் பணம் என்று பேப்பரெல்லாம் எழுதினார்கள்.

இரண்டு சீசனுக்கு அப்புறம் கிளப்பே இல்லை.

ஆனால் இதைக் கவனியுங்கள். நேரு ஸ்டேடியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அந்த டீமுக்காகக் கட்டியது இல்லை. காலையில் 5 மணிக்குப் போனால் நடைப்பயிற்சிக் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், சுற்றிலும் கடைகள். டீம் போனதில் எனக்கு மனசு உடைந்தது, ஆனால் மாநகராட்சிக்குத் தனியாகக் கடன் எதுவும் விழவில்லை. ஓக்லண்டுக்கும் நமக்கும் இதுதான் வித்தியாசம்.

இன்னொரு கால்பந்து லீக், ஐஎஸ்எல் பக்கம் பாருங்கள். டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது, அந்த மாநில அரசு கலிங்கா ஸ்டேடியத்தைக் காட்டி இழுத்தது. புனே சிட்டி மூடி அந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது, 2025இல் ஹைதராபாத்தும் கிளம்பி டெல்லிக்கே போய்ச் சேர்ந்தது. அமெரிக்கா வரை போகவே வேண்டாம்.

காரைக்குடி பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: காரைக்குடி டீம் திருப்பூர் ஆன அதே சமயத்தில்தான் 2016இல் முதல் டிஎன்பிஎல் கோப்பையை வாங்கிய தூத்துக்குடி டீம் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காஞ்சி வீரன்ஸ் நெல்லைக்குப் போனது. கொங்கு நாட்டுக்கு இரண்டு டீம் வரவு, அதனால் நாம் யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் திருப்பூர் டீமும் திருப்பூரில் ஆடுவதில்லையே? 2025இல் கோவை, சேலம், திண்டுக்கல், நெல்லை, இந்த நாலு மைதானத்தில்தான் எல்லா ஆட்டமும். ஊர்ப் பெயர் என்பது ஜெர்சியில் தைக்கிற லேபிள், உங்கள் ஊர்க்காரருக்கு நான் லேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

பவர்டேபிள்காரன், திருப்பூர்

கடைசி வரியில் சிரித்துவிட்டேன். நம்ம ஊரில் ஒரே பனியனுக்கு மூணு லேபிள் மாற்றித் தைத்திருக்கிறோம்.

இடதுகை ஆஃப் ஸ்பின், சிங்காநல்லூர்

நான் எதிர்க்கட்சி. திட்டுவதாக இருந்தால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை 30 பையன்களுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளம் கிடையாது. பாதிப் பேர் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பையன்கள். நெட்ஸில் மேட் விரித்துத்தான் பழகுகிறார்கள், மேட் விக்கெட்டில் அடித்துப் பழகியவன் செலக்‌ஷனுக்குப் போய் டர்ஃபில் (மண்ணும் புல்லுமான பிட்ச்) நின்றால் பந்து வேறு மாதிரி வரும், இரண்டு ஓவரில் வெளியே வந்துவிடுவான். கோவையில் டர்ஃப் இல்லாமல் இல்லை, ஆனால் அதெல்லாம் கல்லூரிக்கும் தனியாருக்கும் சொந்தம். டிஎன்பிஎல்லே இங்கே ஒரு கல்லூரி மைதானத்தில்தான் நடக்கிறது, திண்டுக்கல்லிலும் அப்படித்தான். அவர்கள் செய்வது பெரிய காரியம், குறை சொல்லவில்லை, ஆனால் கேட்டுக்குள் என் பையன்களை விட மாட்டார்கள்.

நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப்பம்பட்டி, நம்ம சேலம் மாவட்டம். டென்னிஸ் பந்தில் ஆடி, இந்தியாவுக்கு மூன்று வகை ஆட்டமும் ஆடிவிட்டு, ஊருக்குத் திரும்பி 2023இல் மைதானம் கட்டினார். யார் காசு? அவர் காசு. ஒரு ஆட்டக்காரன் செய்கிற வேலையா அது?

அதனால் எனக்கு ஒண்டிப்புதூர் வேண்டும். ஐபிஎல் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். வாத்தியார் சொன்ன பை மாற்றுக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பாலக்காடும் திருச்சூரும் கோவைக்கு எவ்வளவு பக்கம்! அங்கிருந்து மேட்ச் பார்க்க வருகிறவன் கொண்டுவருவது நம்ம ஊருக்குப் புதுப் பணம், காந்திபுரம் புரோட்டாக் கடையிலிருந்து எடுத்தது இல்லை.

கணக்கு வாத்தியார், ஈரோடு

பாலக்காடு விஷயம் ஒத்துக்கொள்கிறேன், நியாயமான பாயிண்ட். ஆனால் தம்பி, நீங்கள் கேட்பது 10 டர்ஃப் விக்கெட். அவர்கள் கட்டப்போவது கேலரி, கார்ப்பரேட் பாக்ஸ், ஃப்ளட்லைட். சர்வதேசத் தரம் என்று பெயர் வைத்துவிட்டால், ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் பிட்ச்சைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி உங்கள் பையன்களை உள்ளே விடுவார்களா? அந்தக் கேட்டிலும் வாட்ச்மேன்தான் நிற்பார்.

இடதுகை ஆஃப் ஸ்பின், சிங்காநல்லூர்

அதனால்தான் கட்டுவதற்கு முன்னால் எழுதி வாங்கணும் என்கிறேன். மெயின் கிரவுண்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி மைதானம், வாரத்தில் இத்தனை நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, கட்டணம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கணும். கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டால் நம்மை யார் மதிப்பார்கள்?

ஒண்டிப்புதூர் அக்கா

ஆம்பளைங்க எல்லாம் விக்கெட், டீம் என்று பேசுகிறீர்கள். ஐபிஎல் நடப்பது ஏப்ரல், மே. சிறுவாணி இறங்குகிறதும் அதே மாசம்தான். 2016இல் மகாராஷ்டிராவில் வறட்சி என்று மும்பை உயர்நீதிமன்றமே ஐபிஎல் ஆட்டங்களை வெளி மாநிலத்துக்கு மாற்றச் சொன்னது. இங்கே புல்லுக்கு எந்தத் தண்ணி, சுத்திகரிச்ச கழிவுத் தண்ணியா, இல்லை எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணியா? அதையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று, டீம் ஊரை விட்டுப் போகிறதுக்குக் காசுதான் காரணமாக இருக்கணும் என்று இல்லை. 2018இல் காவிரிப் போராட்டத்தில் சென்னையில் ஒரே ஒரு ஆட்டத்தோடு சிஎஸ்கேவை புனேவுக்கு மாற்றினார்களே. ரசிகர்கள் தனி ரயில் பிடித்துப் போனார்கள், எங்கள் வீட்டுக்காரர் அதில் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

பவர்டேபிள்காரன், திருப்பூர்

எல்லாருக்கும் நன்றிங்க. படிக்கப் படிக்க எனக்கு எங்கள் ஊர் தண்ணீர்த் திட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பவானிப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள், அரசும் தனியாரும் சேர்ந்து போட்ட திட்டம், இந்தியாவிலேயே அந்த மாதிரி முதல் திட்டம் என்றார்கள். முக்கிய வாடிக்கையாளர் யார்? சாயப்பட்டறைகள். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தண்ணீர் வாங்க ஆள் இல்லை, திட்டமே தள்ளாடியது. பட்டறைக்காரர்கள் செய்தது தப்பு, அது வேறு. ஆனால் குழாய் பூமிக்குள் இருக்கிறது, கடன் பேங்கில் இருக்கிறது, வாங்குகிறவன் மட்டும் இல்லை. நல்லவேளை, அது தண்ணீர். வீடுகளுக்கும் போனது, பட்டறைகளும் கழிவுநீரை வெளியே விடாத மாதிரி மாற்றிக்கொண்டு திரும்பி வந்தன. யாரும் வாங்காவிட்டாலும் குடிக்கலாம். காலிக் கேலரியை என்ன செய்வது?

பொள்ளாச்சித் தம்பி, ஒரு சந்தேகம். டீமைக் கட்டிப்போட அங்கே வழியே கிடையாதா?

பொள்ளாச்சி டு பே ஏரியா

இருக்கிறதுங்க அண்ணா. இத்தனை வருஷம் போகக்கூடாது, போனால் பாக்கிக் கடனைக் கட்டிவிட்டுத்தான் போகணும் என்று எழுதி வாங்குகிற ஊர்கள் இருக்கின்றன. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லண்ட் ஊரின் பிரவுன்ஸ் அணியை முதலாளி பால்டிமோருக்கு ஓட்டிக்கொண்டு போன பிறகு (ஆமாம், டீமைப் பறிகொடுத்த அதே பால்டிமோர்தான்) 1996இல் சட்டமே போட்டார்கள், வரிப்பணம் வாங்கிய டீம் ஊரை விட்டுப் போவதாக இருந்தால் 6 மாதம் முன்னால் சொல்லணும், உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்புத் தரணும் என்று. பிரவுன்ஸ் பெயரையும் கலரையும் கிளீவ்லண்ட் தன்னிடமே நிறுத்திக்கொண்டது, 1999இல் அதே பெயரில் புது டீம் வந்தது.

இன்னொன்று கிரீன் பே. நம்ம கோபி, தாராபுரம் மாதிரி ஒரு சின்ன ஊர் என்று வையுங்கள், கொஞ்சம் பெரிசு. அந்த டீமுக்கு முதலாளி கிடையாது, 5 லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள், ஒரு பைசா டிவிடெண்ட் வராது. 1923இலிருந்து அப்படித்தான். அங்கே யாரும் லாரி வரவழைக்க முடியாது. இனிமேல் இப்படி ஒரு டீமைத் தொடங்க அந்த லீக் விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கும் கணக்குத் தெரியும்.

மேலே அக்கா சொன்ன மாதிரி எழுத்தில் வாங்குங்கள். இங்கே ஓட்டுப் போட்டு மாட்டேன் என்று சொன்ன ஊரும் உண்டு. 2024 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டி இருக்கிற ஜாக்சன் கவுண்டியில் இரண்டு டீமுக்கு விற்பனை வரியை நீட்டிக்கலாமா என்று கேட்டார்கள், 58 சதவீதம் வேண்டாம் என்றது. சாண்டியாகோ 2016இல் வேண்டாம் என்றது, அடுத்த வருஷமே சார்ஜர்ஸ் போய்விட்டது. மாட்டேன் என்றால் டீம் போகும், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஊர் அங்கேயேதான் இருக்கிறது.

மேற்படி மச்சான்

மாப்ள லிங்க் அனுப்பினான், முழுசும் படித்தேன். நல்லாத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்னை. இண்டியானாபொலிஸை மட்டும் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு திருத்தம். சூலூரில் 5 சென்ட் இல்லை, நாலரைதான். அரை சென்ட் ஏற்கெனவே ரோட்டுக்குப் போய்விட்டது, அதற்கே இன்னும் காசு வரவில்லை.